கப்பலில் சொன்ன பெயர்

கம்பத்தில் திராட்சை விவசாயம் செய்பவர்கள் நாங்கள். கல்யாணமாகி முப்பதாவது வருடம், மகள் எங்களைச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று நாள் பயணம் அனுப்பினாள்.

முதல் நாள் மதியம் என் கணவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, "சாப்பாடு எங்கன போடுறாகன்னு பாத்துட்டு வாரேன்" என்று போனார். அரை மணி நேரமாகியும் வரவில்லை. நடுக்கடலில் செல்போனுக்கு சிக்னலும் இல்லை. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் அவருக்கு மயக்கம் வந்துவிடும். முருகனைக் கூப்பிட்டபடி விசாரணை மேசைக்கு ஓடினேன்.

அங்கிருந்த மலையாளப் பெண், "சேச்சி, அவர் பேரு சொல்லுங்க, மைக்ல கூப்பிடுறேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. "பழனி மலையில இருக்காகளே, அந்தச் சாமி பேருதாம்மா" என்றேன்.

"அந்தச் சாமிக்கு நூறு பேரு உண்டே சேச்சி, இதுல எது?"

கண்ணை மூடிக்கொண்டு, "தண்டபாணி" என்று சொல்லிவிட்டேன்.

கப்பல் முழுக்க அந்தப் பெயர் கேட்டது. அடுத்த மாடியில், எங்கள் அறை என்று நினைத்து வேறு கதவில் சாவி கார்டைத் தேய்த்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றவரைக் கப்பல் ஊழியர்கள் அழைத்து வந்தார்கள். பழச்சாறு குடித்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் நின்றது.

"பேரச் சொல்லிட்டேங்க" என்று அழுதேன்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள, இன்னொருக்க சொல்லு" என்றார்.

புதிதாகக் கப்பல் ஏறுபவர்கள் அறை எண்ணோடு மாடி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு முன்னால் வந்த பிறகே ஊசி போடுங்கள்.

முன்பெல்லாம் கோயிலில் அர்ச்சனைக்கு அவரே பெயர் சொல்லட்டும் என்று ஒதுங்கி நிற்பேன். இப்போது அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் நானே சொல்கிறேன்.