எந்த பேஸ்?

எங்கள் வீட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதில்தான் தகராறு. பெட்டியில் என்றேன் நான். உங்கள் காதில் என்றாள் அவள்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, மில் பக்கமே நின்று தலை நரைத்தவன் நான். இரும்புக் குண்டுகளைப் போட்டுச் சுற்றவிட்டு அரைக்கிற ராட்சத உருளை அது. அதன் அருகில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமானால் கையாலும் புருவத்தாலும்தான் முடியும். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்து, மச்சினர் வீட்டுக்கு வந்து அரசியல் பேசும்போது பயன்படுத்துவேன். வருடா வருடம் காதுப் பரிசோதனையும் உண்டு. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். சோதிக்கிறவரின் விரல் அசைவதைப் பார்த்து நான் அழுத்துவேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு சுலபமாகத் தேறியதில்லை.

என் மனைவி திருமானூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமான புதிதில் அவள் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. வருடங்கள் போகப் போகக் குரல் ஓங்கிவிட்டது. 'பிள்ளைகளை மேய்க்கிற தொழில், தொண்டை அப்படித்தான் ஆகும், பாவம்' என்று உறவுக்காரர்களிடமெல்லாம் அவளுக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் அவள், "சட்னி போதுமா?" என்று கேட்டாள். "பட்டினி போதுமா?" என்று என் காதில் விழுந்தது. கோபித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் அவள் பஞ்சாயத்தைக் கூட்டினாள்.

"பெரம்பலூர்ல காது டாக்டர் இருக்காரு. வாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடுவோம்."

"என் காது நல்லாத்தான் இருக்கு. நீ வாய்க்குள்ளயே பேசுற."

"நானா வாய்க்குள்ள பேசுறேன்? தெருவுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போறான். சரி, பாட்டும் சரியா கேக்கலங்கறீங்களே, பாடுறவங்களும் வாய்க்குள்ளயா பாடுறாங்க?"

"அது பெட்டி பண்ற வேலை."

அப்போதுதான் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். பெட்டியைச் சரியாக மாற்றியமைக்கிறேன், அதற்கப்புறமும் பாட்டு தெளியவில்லை என்றால் அவள் சொல்கிற நாளில் டாக்டரிடம் வருகிறேன் என்று. அவள் உடனே சரி என்றாள். முப்பது குழந்தைகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறவளுக்கு ஒற்றை ஆளைக் காத்திருந்து பிடிப்பது பெரிய காரியமில்லை.

பெட்டி என்றால் இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் கீழே தடித்த சத்தத்துக்குப் பெரிய ஊஃபர், மேலே மெல்லிய சத்தத்துக்குக் குட்டி ட்வீட்டர். ஆம்ப்ளிஃபயர் பாட்டை முழுசாக ஒரே ஒயரில் அனுப்பும். பெட்டிக்குள் இருக்கிற காயில் என்கிற கம்பிச்சுருளும் கண்டென்சரும் அதைப் பிரித்து, இவனுக்கு இது அவனுக்கு அது என்று கொடுக்கும். இதை இணையத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள். சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே வாளியில் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் நின்று வடிகட்டுவது போலாம். சமையல்கட்டிலேயே பிரித்துவிட வேண்டும். அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே ஒரு க்ராஸோவர் கருவி வைத்துப் பாட்டைப் பிரித்து, ஊஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் என்று கொடுக்க வேண்டும். படித்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. இத்தனை வருடமாக என்னை ஏமாற்றியது அந்தக் காயில்தான்.

க்ராஸோவர் கருவி செய்துதர ஆள் தேடினேன். பெரம்பலூரில் மைக் செட் வைத்திருக்கும் ஒருவர் செய்வார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். என் அரிய கண்டுபிடிப்பை நான் விளக்க விளக்க அவர் பொறுமையாகக் கொட்டாவி விட்டார்.

"கோயில் திருவிழாவுல நாங்க போடுற செட்டெல்லாம் இதான சார். பேஸ் பாக்ஸுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரு, மேல ஆர்ன் குழாய்க்கு ஒரு ஆம்ப்ளிஃபயரு. கல்லங்குறிச்சித் திருவிழா முடியட்டும், சின்னதா ஒண்ணு பண்ணித் தரேன்."

பேஸ் என்ற சொல்லை அவர் சொன்னார், நான் கேட்டேன். இருவரும் தலையாட்டினோம். வினை அங்கேயே விதைத்தாகிவிட்டது.

திருவிழா முடிகிற வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, காயிலையும் கண்டென்சரையும் பிடுங்கி எறிந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தெரு எங்களுடையது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி வெள்ளைத் தூசி கொட்டியது. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஒயர் இழுத்து, மீட்டர் வைத்துச் சோதித்தேன். ஒயர் தொடர்பு சரியாக இருந்தால் அந்த மீட்டர் 'பீப்' என்று கத்த வேண்டும். அதன் பஸ்ஸர் போய் வெகு காலமாகிறது. நான் திரையில் எண்ணைப் பார்த்தே வேலையை முடித்துக்கொள்வேன். ட்வீட்டருக்குப் பாதுகாப்பாக ஒரு கண்டென்சரை மட்டும் போட்டுவைப்பது நல்லது என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். கண்டென்சரைத் தூக்கி எறிவதற்குத்தான் இத்தனை பாடு, மறுபடியும் கண்டென்சரா? போடவில்லை.

இன்னொரு குறிப்பும் இருந்தது. இந்த மாதிரி க்ராஸோவரில் ட்வீட்டருக்குப் போகிற சிக்னலை மட்டும் பிளஸ் மைனஸ் தலைகீழாக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அன்றாடக் காரியம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், 'பேஸ் மாத்திக் குடுப்பா' என்போம். இரண்டு ஒயரை இடம் மாற்றினால் முடிந்தது. ஆனால் பெட்டியில் சிவப்பு ஒயரைக் கறுப்பில் மாட்ட என் கை ஒப்பவில்லை. கருவிக்குள்ளேயே மாற்றி வரட்டும் என்று மைக் செட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன்.

"தம்பி, மறந்துடாதீங்க. ட்வீட்டர் பக்கம் பேஸ் மாத்திக் குடுத்துடுங்க."

'ஓகே சார்' என்று பதில் வந்தது. கூடவே கும்பிடுகிற கை ஒன்று.

கருவி வந்த ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் ஒயர்களுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். "வூட்டுக்குள்ள டிரான்ஸ்பார்மர் வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி தாண்டித் தாண்டி நடந்தாள். எல்லாவற்றையும் மாட்டி, என் வழக்கப்படி வால்யூமைத் தாராளமாகத் திருகி, பாட்டைப் போட்டேன்.

ட்வீட்டரிலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஊஃபரிலிருந்து ஒன்றுமே வரவில்லை. "பெருசு உஸ்ஸு உஸ்ஸுங்குது, சிறுசு ஏப்பம் விடுது" என்றாள் அவள். பெருசு உஸ்ஸென்றது எனக்குக் கேட்கவில்லை. அதை ஆராய நேரமும் இல்லை. அணைத்துவிட்டு மைக் செட்டுக்காரருக்குப் போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில்தான் போடுவேன், எப்போதும்.

"என்ன தம்பி, ட்வீட்டர்ல கொர்ருங்குது?"

"பேஸ் போவுதுல்ல சார், கொர்ருன்னுதான் இருக்கும்."

"ட்வீட்டருக்கு ஏன் பேஸ் போவுது?"

"நீங்கதான சார் ட்வீட்டர் பக்கம் பேஸை மாத்திக் குடுக்கச் சொன்னீங்க? நீங்க சொன்னபடி உள்ள மாத்திட்டேன். வெளிய எழுதியிருக்கறது மட்டும் பழசு."

"நான் சொன்னது பேஸ், தம்பி!"

"நானும் பேஸைத்தான் சார் மாத்துனேன்."

"கரண்டு பேஸ்! பேஸ், நியூட்ரல், அந்த பேஸ்!"

"கரண்டு பேஸுக்கும் க்ராஸோவருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

மைக் செட்டுக்காரருக்கு பேஸ் என்றால் தடித்த சத்தம். எலக்ட்ரீஷியனுக்கு பேஸ் என்றால் மின்சாரம் வருகிற கம்பி. அவரவர் தொழிலில் இருவரும் கெட்டிக்காரர்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்தாம். நம் நாக்கில் ஏறி இறங்கினால் எல்லாம் ஒரே பேஸ்தான். என் மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்த பேஸையெல்லாம் விடுங்க. போயி கண்ணாடில உங்க பேஸைப் பாருங்க."

கருவியின் பின்பக்கத்தில் இரண்டு ஜோடி ஒயரை இடம் மாற்றினேன். மறுபடி போட்டேன். ஊஃபரில் மிருதங்கமும் பாடுகிறவரின் குரலும் கிண்ணென்று வந்தன. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நல்லவேளை, உடனே அணைத்ததால் ட்வீட்டர் தப்பியது என்று சொல்லிக்கொண்டேன்.

"எப்படி?" என்றேன் அவளிடம்.

"கெணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கு."

"மொபைல்ல கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப்போச்சு" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை இன்றும் அவள் விருந்தாளிகளிடம் நினைவூட்டுகிறாள்.

அந்த வாரம் முழுக்க நான் ராஜா. ஆலையில் பார்த்தவனையெல்லாம் பிடித்து, மெல்லிய சத்தம் எப்படிப் பனித்துளி மாதிரி உதிர்கிறது என்று விளக்கினேன். மில் சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது, தலையாட்டினார்கள். வீட்டில் டாக்டர் பேச்சு எழவில்லை. அவள் அதைப் பற்றி வாயே திறக்காதது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொன்னாள். பாதியில் கையை உயர்த்தினாள்.

"இந்த எடத்துல சலங்கை வருமே. காணோம்?"

"வருதே. இதோ, ஜல் ஜல்ங்குது."

நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்ட பாட்டு. அந்த இடம் வந்ததும் சலங்கை தானாக ஒலித்தது.

அவள் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ட்வீட்டரில் காதை வைத்தாள். பிறகு அடுத்த பெட்டிக்குப் போய் அதிலும் வைத்தாள். "ரெண்டு சிறுசும் ஊமையா கெடக்கு" என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்ற தெம்பில், அப்போதே நிரூபித்துவிட மீட்டரை எடுத்து வந்தேன். ட்வீட்டரின் ஒயர்களில் முனைகளை வைத்தேன். திரையில் எண் எதுவும் வரவில்லை. அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி இரண்டிலும் அறுந்திருந்தது. அந்த முதல் 'கொர்ர்ர்'ரிலேயே எரிந்திருக்க வேண்டும்.

மீட்டர்தான் தகராறு செய்கிறதோ என்று முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். திரையில் பூஜ்யம் வந்தது. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப மட்டும் பீப்புனு கத்துதே, ஏன்?" என்றாள் அவள்.

"என்ன கத்துது?"

"அந்த மீட்டருதான். காது கூசுதுல்ல."

மறுபடி தொட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள். எடுத்தேன், முகம் சாதாரணமானது. தொட்டேன், சுளித்தாள். பஸ்ஸர் போய்விட்டது என்று நான் முடிவுகட்டிய மீட்டர், இத்தனை வருடமும் என் கையிலேயே இருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரமாக நான் ஊரெல்லாம் புகழ்ந்த பனித்துளி எங்கிருந்து உதிர்ந்தது?

ஜெயித்தவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அணைத்து மேசைமேல் வைத்தாள். "வர்ற சனிக்கெழம போவோம்" என்றாள், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி. அவள் அப்படித்தான் பேசுகிறாள், வெகு காலமாக. அது பள்ளிக்கூடத்துத் தொண்டை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பெரம்பலூரில் மறுபடியும் ஹெட்போன், பட்டன். என் தந்திரம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, சோதிக்கிற பெண்ணின் கை எனக்குத் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டாள். பாதி நேரம் நான் பட்டனைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். தடித்த சத்தம் எல்லாம் நல்லபடியாக இருந்தது. மெல்லிய சத்தத்துக்குப் போகப் போகக் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. ஊஃபர் சரி, ட்வீட்டர் எரிந்துவிட்டது. புரிந்துகொள்ள எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற குட்டிக் கருவிகள் இரண்டு கொடுத்தார்கள். அது சத்தத்தை முதலிலேயே தடித்தது, மெல்லியது என்று பிரித்து, மெல்லியதை மட்டும் தூக்கிக் கொடுக்குமாம். நான் பெட்டிக்குச் செய்ததைத்தான் காதுக்குச் செய்திருக்கிறார்கள். பெட்டிக்கும் புது ட்வீட்டர்கள் மாட்டினேன், இந்தத் தடவை கண்டென்சரோடு. பேஸ் இரண்டும் அதனதன் இடத்தில்.

மாட்டிக்கொண்டு வீடு வந்த முதல் நாள், உலகம் முழுக்கக் கரகரவென்று இருந்தது. என் செருப்பு கத்தியது, செய்தித்தாள் கத்தியது. கூடத்தில் அந்தப் பழைய பாட்டைப் போட்டுச் சலங்கைக்காகக் காத்திருந்தேன். சமையல்கட்டில் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பது அவள் வழக்கம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணமான புதிதில் கேட்ட அதே மெல்லிய குரல்.

"ம்க்கும். காது வந்துடுச்சு தொரைக்கு. இனிமே இந்த வூட்டுல நிம்மதியா ஒரு வார்த்த திட்டக்கூட முடியாது."

அன்றைக்குச் சட்னியில் நான் தவறவிட்ட 'ச' உட்பட, ஓர் எழுத்து விடாமல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்காத மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.