மூன்றில் ஒரு விநாடி

கம்பியில்லாத் தொடர்பைப் பழுதுபார்ப்பவனுக்கு ஒரே ஒரு வசதி உண்டு: பழுதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே பழியை யார் மேலும் போடலாம். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெள்ளிக்கிழமை வரை

எண்பதுகளின் கடைசியில், கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பெரிய ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், நாலு மைல் தள்ளி இரண்டாம் டிவிசனில் இன்னொன்று. அங்கே வெட்டிய பழக்குலைகளின் எண்ணிக்கை ரேடியோ வழியாக இங்கே வர வேண்டும். வந்தால்தான் தோட்டத்தில் நம்பர் போட்டுப் பிரித்த காடுகளில் எதற்கு எத்தனை லோரி அனுப்புவது என்று தெரியும். இல்லையென்றால் பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகும்.

கம்ப்யூட்டரையே ஓட்டும் அடிப்படை நிரலான கெர்னலுக்குள் இருந்துகொண்டு ரேடியோவோடு பேசுகிற சின்ன நிரலை 'வேகப்படுத்தி'க் கொடுத்தவன் நான். கோலாலம்பூரில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே மேசையில் வைத்து, நடுவில் கம்பி போட்டுச் சோதித்தபோது பறந்தது. தோட்டத்துக்கு வந்ததும் படுத்துவிட்டது. எனக்கோ மூன்று மாதத் தற்காலிக வேலை, அதில் கடைசி வாரம். இது ஓடாவிட்டால் திரும்பி வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். புக்கிட் பெலிம்பிங்கில் அப்பா அதற்குள் ஊர் முழுக்க "மகன் எஞ்சினியர்" என்று சொல்லி முடித்திருந்தார்.

ஆபீசுக்குத் தலைவரான பெரிய கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும் தம்பி. இல்லன்னா பெட்டிய லோரியில ஏத்தி, நீயும் கூடவே ஏறிக்க லா."

மரங்கள் செய்த சதி

முதலில் மரங்கள் மேல் பழியைப் போட்டேன். செம்பனை ஓலை ஈரமாக இருந்தால் அலை போகாது என்று பெரிய விளக்கமே கொடுத்தேன். இரண்டாம் டிவிசனில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரப்பன் ஏணி போட்டு ஏறி, ஏரியலை இரண்டு ஆள் உயரம் கூட்டிக் கட்டினார். வெயிலில் மூன்று மணி நேர வேலை. ஒரு குலைகூடப் போய்ச் சேரவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே ரேடியோவில் மைக்கை எடுத்தார். பெரிய ஆபீசைக் கூப்பிட்டு ஏணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதில் கணீரென்று வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் பேசறப்ப மட்டும் மரமெல்லாம் ஒதுங்கி நிக்குதா தம்பி?"

பார்த்தால் ஓடும்

சரி, தவறு என் நிரலில்தான். எங்கே நிற்கிறது என்று பார்க்க, ரேடியோவைத் தட்டி எழுப்பும் இடத்திலிருந்து ஒவ்வொரு படிக்கும் திரையில் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கெர்னல் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம். கட்டி ஓட்டினேன். எண்கள் அழகாகப் போய்ச் சேர்ந்தன!

துள்ளிக் குதித்து அந்த வரிகளை நீக்கி மறுபடி கட்டினேன். நின்றுவிட்டது. சேர்த்தேன், ஓடியது. நீக்கினேன், நின்றது. புதன் முழுக்க இதே கூத்து. அப்படியே விட்டுவிடலாம் என்றால், காரணம் தெரியாத மருந்தை நம்பி எப்படி ஊர் போய்ச் சேருவது? டிவிசன் ஆபீசில் கணக்கெழுதும் சரோஜா, எதிர் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா ஓடுது, பார்க்கலன்னா உட்கார்ந்துக்குது. எங்க மண்டோர் மாதிரியே இருக்குண்ணே."

செருமல்

வெள்ளிக்கிழமை காலை. மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜா மைக்கை எடுத்தார், பித்தானை அழுத்தினார், தொண்டையைச் செருமினார், பிறகு பேசினார். அடுத்த முறையும் அழுத்தல், செருமல், பேச்சு. நாலு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சளியா என்று கேட்டேன்.

"சளியெல்லாம் இல்லண்ணே. அமுக்குன ஒடனே பேசுனா மொத வார்த்தை போவாது. இந்த ரேடியோ முழிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும். அதான் செருமிட்டுப் பேசறது. இங்க எல்லாருமே அப்படித்தான்."

பழைய நிரலில், ரேடியோவை எழுப்பிய பிறகு மூன்றில் ஒரு விநாடி சும்மா காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி இருந்தது. யாரோ சோம்பேறி எழுதியது என்று நான்தான் அதைத் தூக்கியிருந்தேன். நான் செய்த 'வேகம்' அவ்வளவுதான். நான் திரையில் எழுதச் சொன்ன வரிகள், எழுத நேரம் எடுத்துக்கொண்டு, அந்தச் செருமலின் வேலையைச் செய்திருக்கின்றன. தூக்கிய வரியைத் திருப்பிப் போட்டு, கெர்னலைக் கட்டி, எண்களை அனுப்பினேன்.

ரேடியோவில் ஒரு செருமல் கேட்டது. பெரிய கிராணி.

"பதினாலாம் நம்பர் காடு, நானூத்திப் பன்னெண்டு குலை. சரியா?"

சரோஜா நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. மைக்கை வாங்கி "சரி" என்றேன், செருமாமல். அது போய்ச் சேரவில்லை. செருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

"அப்ப நீ லோரியில ஏற வேணாம் தம்பி. பஸ்லயே போ லா."

அன்றிலிருந்து, அடுத்தவர் எழுதிய நிரலில் காரணம் புரியாத ஒரு வரியைக் கண்டால், அதை அழிக்கப் போகும் கையை நிறுத்தி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.