படுத்தபடி போட்ட கோடுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதையும் கல்லிடைக்குறிச்சியில், என் கணவர் வீட்டு நடு அறையில் படுத்தே கழித்தேன். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தைத் தாண்டாமலே போயிருந்தன. மூன்றாவது உண்டானதும் பாளையங்கோட்டை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "பாத்ரூமுக்குக்கூட எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தந்தவள் நான். இப்போது கண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் மேலே உத்திரம், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் என் மாமியாரும்தான். அத்தை எனக்குச் சோறு ஊட்டினார், தலை வாரினார், பெட்பேன் எடுத்தார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் என்னை இன்னும் இறுக்கிக் கட்டிப்போட்டது. கொடுமைக்காரியாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவ்வளவு செய்கிறவரிடம், முற்றத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஈரக்காற்று ஆகாது என்று அவர் சாத்திவிட்டுப் போவார். நான் வயிற்றில் கை வைத்தபடி, பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

ஒருநாள் விடுப்பை நீட்டிக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுத உட்கார்ந்தேன், அதாவது படுத்தேன். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது என்பது அன்றுதான் தெரிந்தது. பென்சில் வாங்கி எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. தாளின் ஓரத்தில் கை சும்மா ஒரு வளைவு போட்டது. அதை ஒட்டி இன்னொன்று. மீன் செதில் மாதிரி அடுக்கிக்கொண்டே போனேன். அத்தை சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றபோதுதான், வெகுநேரமாக வயிற்றைத் தொட்டே பார்க்கவில்லை என்பது உறைத்தது.

பிறகு அதுவே வழக்கமானது. தாளைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வேன். ஒரு கட்டத்துக்கு ஒரே அசைவு. மூச்சை இழுக்கும்போது கோடு ஏறும், விடும்போது இறங்கும். தப்பினாலும் அழிப்பதில்லை. கோலம் போல இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சந்தோஷம் என்று இதைச் சொல்லமாட்டேன். அடைபட்ட இடத்துக்குள் கொஞ்சம் நடமாட முடிந்தது, அவ்வளவுதான்.

அத்தை ஒருநாள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்னட்டி, வலை மாதிரி?"

"சும்மா போடுதேன் அத்தை."

"எல்லாம் முடிஞ்சு முடிஞ்சுல்லா கெடக்கு. பிள்ளத்தாச்சி இப்படி முடிச்சுப் போட்டா, பிள்ள எங்கன கூடி வெளிய வரும்? வேண்டாம், பென்சில தா."

கொடுத்துவிட்டேன். கணக்கு டீச்சரான நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவும் தங்காமல் போனால் அவர் இந்தக் கோடுகளைத்தான் சொல்வார். நானும் நம்பிவிடுவேன் என்று பயந்தேன்.

மழை விடாமல் பெய்தது. படுத்திருந்த இடத்தில் முதுகு வெந்துபோனது. கை மட்டும் நிற்கவில்லை. கட்டிலை ஒட்டிய சுவரில் விரலால் அதே வளைவுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அத்தை என் கையைத் துடைக்க வந்தவர், நகங்களுக்குள் சுண்ணாம்பு அப்பியிருப்பதைப் பார்த்தார். சுவரையும் பார்த்தார். போய்ப் பென்சிலை எடுத்துவந்தார்.

"போடு. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓரத்தத் தொறந்து விட்டுரு."

"எந்த ஓரம் அத்தை?"

"எதுன்னா என்ன? வெளிய வர வழி இருந்தாப் போதும்."

என்ன தைரியமோ, அப்போதே கேட்டுவிட்டேன். "அத்தை, அந்தக் கதவையும் கொஞ்சம் தொறந்து வைக்கீங்களா? மூச்சு முட்டுது."

அவர் என்னையே பார்த்தார். "இத முன்னாலயே சொல்லுததுக்கு என்ன?" என்று சொல்லி, கதவை விரியத் திறந்தார். முற்றத்துத் தண்ணீரும் கொடியில் காயாத துணிகளும் தெரிந்தன. அழுகை வந்தது.

அதன்பின் தினமும் சாயங்காலம் தாளை வாங்கி விரலால் கோட்டைத் தொடர்ந்து பார்ப்பார். "இங்கன அடச்சிருக்கு பாரு" என்று சரியாகக் கண்டுபிடித்துத் திருப்பித் தருவார்.

எட்டாம் மாதம் முடிவதற்குள் பனிக்குடம் உடைந்தது. வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். தையலைப் பிரித்ததும் பெண் பிறந்தாள், உள்ளங்கை அகலம்தான் முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எழுந்து நடக்க எனக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் அந்தப் பெட்டியை விட்டு எங்கே போவது? நானும் அத்தையும் வராந்தா பெஞ்சிலேயே கிடந்தோம். நர்ஸ் கூப்பிடும்போது நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்து வருவேன்.

"மூச்சு நல்லா விடுதாளா?" என்பார் அத்தை.

"விடுதா."

"கால ஆட்டுதாளா?"

"ஆட்டுதா அத்தை."

திரும்ப முதலிலிருந்து கேட்பார். நானும் திரும்பச் சொல்வேன். தை பிறந்தபிறகு பிள்ளையை எங்களிடம் கொடுத்தார்கள். அத்தைதான் முதலில் கையில் வாங்கினார். கார் ஊர் வந்து சேரும்வரை என்னிடம் தரவில்லை.