பானட்டின் உள்பக்கம்

எங்கள் பழைய காருக்குக் கூரை கிடையாது, இரண்டே சீட்டுதான். பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் அதன் பானட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது.

என் சின்ன வயதில், எங்கள் கிள்ளான் வீட்டின் ஆயுத பூஜை வாசனை அது. சொந்த ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை, தன்னிடம் டிரைவராக இருந்த என் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன கார். ஒவ்வொரு பூஜை அன்றும், அந்த வருஷம் மாற்றிய சாமான்களை அப்பா சிவப்பு பெயின்டில் பானட்டின் உள்பக்கம் எழுதிவைப்பார். லோரியின் ரேடியேட்டர் குழாயை மாட்டியதைக்கூட மறைக்கமாட்டார். எழுதி முடித்ததும் அங்கேயே சூடம் காட்டுவார்.

“பெட்ரோலு பக்கத்துல சூடமா? எரிஞ்சி போவப் போறீங்க!” என்று அம்மா கத்துவார்.

“தொரை வெச்சிருந்தப்ப காட்ட முடியல. இப்ப இது என் காருலா!”

ஒரு வருஷம் தீ எட்டி, எழுத்தின் ஓரம் கருகிப்போனது. அடுத்த வருஷமும் காட்டினார்.

“ஆன்டி, இந்தக் கிறுக்கல், கரி எல்லாம் சுரண்டிட்டு ஒரிஜினல் கலர் அடிச்சிட்டா, கார் கண்காட்சியில பரிசு நமக்குத்தான்லா,” என்றான் மெக்கானிக்.

“செகப்பு பெயின்டும் பிரஷும் குடு,” என்றேன்.

அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: ‘இந்த வருஷம் எதையும் அழிக்க விடவில்லை.’