கடைக்குப் போன சைக்கிள்

எங்கள் பெற்றோருக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவர் அண்ணை. தீவுப்பகுதிச் சரவணையில், நான் இன்றும் இருக்கிற இதே வீட்டில்தான் பிறந்தார். நடுவிலாள் நான். கடைக்குட்டி கனடாவில் இருக்கிறான். ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிப்போம் என்று போனில் சொன்னவன் அவன்தான். "அக்கா, நீங்கள் ரீச்சரல்லோ, நீங்களே எழுதுங்கோ. நல்ல விசயங்களை மட்டும் எழுதுங்கோ" என்றான். அண்ணையைப் பற்றிய நல்ல விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. கூடாத விஷயம் ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு ஏலாது.

படிப்பு முடிந்த கையோடு அண்ணை தென்பகுதியில் இருந்த எங்கள் கடைக்கு, ஐயாவுக்குத் துணையாகப் போனார். கலவரத்தில் அந்தக் கடை எரிந்தபோது உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. படிப்படியாக மனேச்சரானார். ஓய்வு பெறும்வரை ஊர்காவற்றுறைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார். யுத்தம் எங்களைத் தீவை விட்டுக் கலைத்தபோது வள்ளத்தில் அம்மாவை ஏற்றினார், அடுத்துச் சைக்கிளை ஏற்றினார், மூன்றாவதாகத்தான் என்னைக் கைபிடித்து ஏற்றினார். இதை நான் அவர் இருக்கும்போதே நூறுதரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். "நீ நீந்துவாய், அது நீந்துமோ?" என்பார். எனக்கு நீந்தத் தெரியாது.

தங்கச்சிக்கு ஒரு வழி செய்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று நின்றார். எனக்கு ஒன்றும் சரிவரவில்லை. ஆகவே அவருக்கும் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும்தான் மிஞ்சினோம்.

உப்புக்காற்றில் இரும்பு நிற்காது என்பது தீவார் எல்லோருக்கும் தெரியும். அண்ணையின் சைக்கிள் நின்றது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசித்தான் உள்ளே எடுப்பார். என்னை அதில் தொடவே விடமாட்டார். வாங்கிய கடைத் துண்டை, அதுதான் பற்றுச்சீட்டை, பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். இராணுவச் சோதனைச் சென்றிகளில் அதைக் காட்டிக் காட்டிப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் துண்டில்லாத சைக்கிள் என்றால் களவெடுத்த சைக்கிள்தான்.

போன வருடத்துக்கு முதல் வருடம் மாரியில் அண்ணை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் வெட்டிப் பொருத்தினார்கள். இனிச் சைக்கிள் கூடாது என்று டொக்டர் சொன்னார். அண்ணை ஓமென்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்தபின், கட்டிலில் கிடந்தபடியே விறாந்தையில் நிற்கும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது 'டமார்' என்று சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் சைக்கிள் மேலே, அண்ணை கீழே. "ரயரில காத்து இருக்கோ எண்டு பாத்தனான்" என்றார். நெற்றியால் இரத்தம் வடிகிறது, இவர் காற்றுப் பார்த்தாராம்!

திரும்ப ஆஸ்பத்திரி, மூன்று நாள். அந்த மூன்று நாளுக்குள் நான் செய்ததுதான் அந்தக் கூடாத விஷயம். எங்கள் ஒழுங்கைக்கு வழமையாக மீன் கொண்டுவருகிறவர் மண்டைதீவு மரியதாஸ். அவருடைய சைக்கிள் முறிந்துபோய், மீன்பெட்டியைத் தோளில் வைத்து நடந்து திரிந்தார். கூப்பிட்டு அண்ணையின் சைக்கிளைச் சும்மா கொடுத்தேன். "மனேச்சர் ஐயா ஓமெண்டவரோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். உடையவர் கையாலேயே தரவேண்டிய பொருளல்லவா என்று அவர் தயங்க, அதற்கும் ஒரு பொய் சொன்னேன். துண்டை யோசிக்கவேயில்லை.

அண்ணை வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறமுதல் கேட்டார். "எங்க பிள்ளை சைக்கிள்?"

"ரயர் மாத்த வேலணைக் கடையில குடுத்திருக்கு அண்ணை."

வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் அகப்பட்டுக்கொண்டது விளங்கியது. மரியதாஸ் அந்தச் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் அண்ணைக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அவருக்கு ஆள்விட்டுச் சொன்னேன். வேறு மீன்காரர் இல்லை. அண்ணையைத் தனியே விட்டுவிட்டு ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போய்வரவும் ஏலாது. கத்தரிக்காய், முட்டை, திரும்பக் கத்தரிக்காய். "என்ன பிள்ளை, கடலில மீன் முடிஞ்சுபோச்சோ?" என்று அண்ணை கேட்பார். கடலில் காற்று என்பேன். மாதக் கணக்கில் காற்றடித்தது.

கடைக்காரருக்குச் சுகமில்லை, ரயர் வரவில்லை, வந்த ரயர் அளவில்லை என்று நாளுக்கொரு பொய். அண்ணை படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தார். நான் அந்தக் கட்டிலடியை விட்டு அசைய முடியாமல் நின்றேன். தம்பி வீடியோவில் வந்தால் அவனும் கேட்டுவிடுவானோ என்று, விறாந்தை தெரியாதபடி போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பேன். சில நாள் அண்ணையில் கோபம் கோபமாக வரும். கேட்காமல் கிடந்தால் என்ன என்று குசினிக்குள் போய்ச் சட்டியை அடித்து வைப்பேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

கடைசிக் கிழமை காய்ச்சல். பேச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. அப்போதும் "சைக்கிள்?" என்றார். "நாளைக்கு வந்திடும் அண்ணை" என்றேன். "ஓம், நாளைக்கு" என்றார். விடியச் சற்று முன்னர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, அண்ணை பாவித்த பொருட்களைத் தானத்துக்கு எடுத்து வைக்கும்போது, சைக்கிள் எங்கே என்று சொந்தக்காரர் கேட்கத் தொடங்கினார்கள். நான் அடுக்கிய பொருட்களையே திரும்ப அடுக்கினேன். அந்த நேரம் படலையடியில் மரியதாஸ், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். பொலித்தீன் சுற்றிய துண்டை எடுத்து நீட்டினார். பின்பக்கத்தில், 'மனமுவந்து மரியதாசுக்குக் கொடுத்தேன்' என்று அண்ணையின் கையெழுத்து.

"ரீச்சர், வேலணையில சனம், 'மனேச்சரின்ர சைக்கிள் உன்னட்ட எப்பிடி வந்தது?' எண்டு என்னைப் பிடிச்சிட்டுது. துண்டு கேட்டு, நீங்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஒருக்காப் போன நேரம் வந்தனான். நீங்கள் குடுத்து ரெண்டு கிழமையிருக்கும். ஐயா தலகணிக்குக் கீழ இருந்து எடுத்து எழுதித் தந்தவர்."

இரண்டு கிழமையில் தெரிந்த மனிதர் எதற்காக ஐந்து மாதமும் கேட்டார்? அதைத்தான் மரியதாசிடம் கேட்டேன்.

"நானும் கேட்டனான் ரீச்சர். 'தங்கச்சி செய்தது சரிதான். ஆனா எனக்குத் தெரியும் எண்டு சொன்னா, நான் இனி எழும்பமாட்டன் எண்டதை அவள் தன்ர வாயால சொல்ல வேண்டி வரும். அவளுக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது. அது கடையிலேயே நிக்கட்டும்' எண்டவர்."

கடலில் காற்று என்று சொல்லிக் கத்தரிக்காய் போட்டபோதெல்லாம், தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார். பாவி மனிசன்! ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாமே. நான் அழுதிருப்பேன், அவரும் அழுதிருப்பார், அன்றைக்கே முடிந்திருக்கும்.

அண்ணையைத் தூக்கி ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், தொலைவிலிருந்து துக்கம் கேட்ட உறவுகளுக்கும், இந்த ஒரு வருடம் என்னைத் தனியே விடாத எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணையின் வாக்கைக் காப்பாற்றி வாய் திறக்காமல் இருந்த மரியதாசுக்குத் தனியே நன்றி.

உங்கள் எல்லோர் முன்னிலையிலும், அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை இப்போதுதான் சொல்கிறேன்.

அண்ணை, சைக்கிள் கடையில் இல்லை. நான் குடுத்திட்டன். நீங்கள் இனி எழும்பமாட்டீங்கள் எண்டு தெரிஞ்சுதான் குடுத்தனான்.