பசை காய்ந்தால் நேராகிவிடும்

துறைமுகத்தில் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு படகைக்கூட ஓட்டியதில்லை, ஓட்டுவது கிரேன். இரும்புக் கட்டுகளைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. பட்டம் வந்தது வீட்டில் கட்டிக்கொண்டிருந்த கப்பலால். உலகப் போரில் மூழ்கிப்போன ஒரு பெரிய போர்க்கப்பல், நூறில் ஒரு பங்காக, எட்டடி நீளத்தில் முன்னறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பீரங்கியில் இடித்துக்கொள்ளாமல் உட்கார விருந்தாளிக்கு ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம்.

அவர் மனைவி தையல்காரி. "மூழ்கினதைப் போய் எதுக்குக் கட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "மிதக்கிறதைத்தான் தினமும் பாக்கறேனே" என்றார். "கட்டினவளுக்கு ஒரு அலமாரி இல்ல, கப்பலுக்கு மட்டும் ரெண்டு நங்கூரம்" என்று வாய் ஓயாமல் குத்திக்காட்டுவாள். ஆனால் வெளியாள் யாராவது கப்பலைக் கேலி பேசினால் சண்டைக்குப் போய்விடுவாள்.

கை நடுக்கத்தை முதலில் பார்த்ததும் அவள்தான். மேல்தளத்தைச் சுற்றிக் கம்பிவேலி கட்டும் கட்டம் வந்திருந்தது. தலை வெட்டிய குண்டூசிகள்தான் தூண். ஒவ்வொன்றிலும் கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு துளி பசை வைக்க வேண்டும். இடுக்கி நூலைத் தொடும் நேரம் பார்த்து வலது கை ஆடியது. தூண்கள் சாய்ந்தன, நூல் தொய்ந்தது.

"என்னங்க, கை இப்படி ஆடுது?"

"தூக்கம் பத்தல. பசை காய்ஞ்சா நூல் இழுத்துக்கும். தன்னால நேராயிடும்."

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு பார்த்தாள். பசை காய்ந்திருந்தது, வேலி குடிகாரன் நடை போலக் கோணிக் கிடந்தது. மனுஷன் நொந்துபோவாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. நூலை வெட்டி எடுத்து, தூண்களை நிமிர்த்தி, பொத்தான் தைக்கிற கையால் புதிதாகக் கட்டி வைத்தாள். சாயங்காலம் அவர் வந்து பார்த்து, "நான் சொல்லல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டு அடுத்த நாளும் கட்டினாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இவளுக்கோ கப்பலைச் சுற்றி ஒரு வேலியே ஆகிவிட்டது.

நடுக்கம் டம்ளருக்கு வந்தது, சட்டைப் பொத்தானுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் அவர் கப்பலைக் காட்டினார். "நடுங்குற கையா இதைக் கட்டும்?" அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் உடைந்துவிடுவாரோ என்று பயந்தே நாளைத் தள்ளினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைகைக்காரர் வீடு தேடி வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்து வழி காட்டுபவர். சுமை இறங்கும்போது அதற்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். இருந்த ஒரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து கட்டு ஒரு ஆட்டம் ஆடிச்சு. என் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் போச்சு. உங்க கை ஏதாவது…"

கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. அவரைக் கப்பலின் முன்பக்கம் கூட்டிப்போய்ப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "பாரு. போன வாரம் கட்டினது. நடுங்குற கையா இது? நேத்து அடிச்சது காத்துப்பா."

சைகைக்காரர் வேலியைத் தூண் தூணாகப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணே. நான்தான் என்னமோ நெனச்சிட்டேன். நாளைக்கும் நானே கீழ நிக்கறேன்."

டீத் தட்டோடு வந்தவள் அதைக் கேட்டு நின்றாள். தன் முடிச்சை நம்பி ஓர் ஆள் இரும்புக்குக் கீழே போய் நிற்கப் போகிறார்.

"அது அவர் கட்டினதில்ல" என்றாள்.

"என்ன உளர்ற?" என்றார் கேப்டன்.

அவள் தட்டை வைத்துவிட்டு, தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தாள். வேலியில் ஒரு முடிச்சை வெட்டினாள். அவர்கள் கண் முன்னாலேயே, இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, திரும்பக் கட்டினாள். பக்கத்து முடிச்சும் அதுவும் அச்சு அசலாக ஒன்று. சைகைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கேப்டன் குனிந்து, முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை போனார்.

"இதுல எது என்னுது?"

நாலைந்தைக் காட்டியிருக்கலாம். பொய்க்குப் பழகிய கைதான்.

"வேலியில ஒண்ணுமில்லீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கை மடியில் கிடந்து ஆடியது. வழக்கமாக அப்படி ஆடினால் அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாள். அன்று பிடிக்கவில்லை. மூன்று பேரும் பார்க்கட்டும் என்று, ஆட விட்டாள்.