பிலோமினா திருத்திய தெரு

சிதம்பரம் மேலவீதியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பிலோமினாவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா காலையில போயிட்டாங்க மேடம். சாயங்காலம் மாதா கோயில்ல அடக்கப் பூசை." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம்.

கடலூரில் நகர வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் பிலோமினா. எந்தத் தெரு குடியிருப்பு, எது கடைவீதி, எது லாரி நிறுத்தம் என்று நிறம் தீட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. முதுநகரில் ஒரு தெருவை 'ஆளில்லாத பகுதி' என்று எழுதிக் கொடுத்தவள் நான். துறைமுக வியாபாரம் படுத்த பிறகு வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்விட்டார்கள். ஓடுகள் சரிந்து, எல்லா வாசல்களும் பூட்டிக் கிடந்தன. லாரி நிறுத்தத்துக்குத் தோதான இடம் என்று திட்டத்தில் ஏறிவிட்டது.

"எறங்கிப் பாத்தியா சாந்தி?" என்று கேட்டார் பிலோமினா.

"பூட்டிக் கெடக்குது. என்னத்தப் பாக்குறது?"

மறுநாள் என்னைப் பின்சந்து வழியாக இழுத்துப் போனார். கொடி நிறையத் துணி காய்ந்தது. மும்தாஜ் என்ற பெண் இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தார். "முன்பக்கம் எப்ப வுழும்னு தெரியலம்மா. அதான் பூட்டிட்டு இப்படிப் பொழங்குறோம். பயம் ஜாஸ்திதான். வேற எங்க போறது?" வீட்டுக்கு வீடு இப்படி வாடகைக் குடும்பங்கள்.

"வரைவு போயாச்சு, இனிமே வாயத் தொறக்காதீங்க" என்றார் எங்கள் மேலாளர். நான் திறக்கவில்லை. பிலோமினா அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் ஆட்சேபணை மனு எழுதிக் கொடுத்தார். "தப்பு நம்மளது. போவுறது அவுங்க வீடாச்சே?" என்றார். அந்த மாதமே அவருக்கு வேலை போனது. அப்போதும் நான் குனிந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மனுக்களை விசாரித்த அன்று நிறுவனத்தின் சார்பில் நானும் போயிருந்தேன். அதிகாரி கேட்டார்: "ஆளே இல்லன்னு அறிக்கை சொல்லுதே?" பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார். எழுந்தேன். "சார், அது நான் எறங்கிப் பாக்காம எழுதுனது." அந்தத் தெரு குடியிருப்பாகவே நின்றது. என்னை எச்சரித்ததோடு நிறுவனம் விட்டுவிட்டது.

வெளியே வந்ததும், "இத மொதல்லயே சொல்லியிருந்தா என் வேலையாவது மிஞ்சியிருக்கும்டி" என்று சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியவில்லை. பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவேயில்லை.

அன்று பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பக்கத்துத் தெருவ லாரி நிறுத்தத்துக்கு எடுக்கப் போறாங்களாமே, நெசமா? இனிமே யார் கிட்டப் போயி கேக்குறது?"

நிஜம்தான். அந்தத் தெருவின் வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்தத் தெருவையும் நேற்று நடந்து பார்த்துவிட்டேன். ஆட்கள் இருக்கிறார்கள்.

பிலோமினாவைத் தெரிந்தவர்கள் அவருடைய தைரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு நிம்மதியின்மை மட்டும்தான். திங்கட்கிழமை அந்த வரைபடத்தை முடிவு செய்யும் கூட்டம். வேலை போய்விடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் போய்ப் பேசப் போகிறேன்.